பாட்டியின் பேச்சும் பல்கலைக்கழகப் பாடமும்



கலைப்புலக் கல்வி ஒரு மாணவரின் ஆளுமையை எவ்வாறு வளர்க்கிறது என்பது எனக்கு இடப்பட்ட தலைப்பு. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் பெற்றோர் பலர் இதே வினாவை வேறு சொற்களில் என்னிடம் கேட்டதுண்டு: "தமிழும் மொழியியலும் படித்துப் பிள்ளை என்ன ஆகப் போகிறது, ஐயா?" இவ்வாறு கேட்பவர்மீது எனக்கு வருத்தமில்லை. தோட்டத்தை விட்டு நகருக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தில், முதல் பட்டதாரி ஈட்டும் ஊதியம் சிறிய செய்தியன்று. வேலைவாய்ப்பைப் பற்றி அதனை நன்கறிந்தவர்கள் பேசட்டும். நான் ஒரேயொரு வகுப்பறைப் பயிற்சியைப் பற்றி மட்டும் பேச விழைகிறேன்.

அதற்கு முன்னர்ச் சிறிது வரலாறு. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கிவந்த காலத்தில், 1956இல் இந்திய ஆய்வியல் துறை தோன்றியது. அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி வலியுறுத்தினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் அவர் திரட்டிய நிதிக்கு எளிய மக்கள் சிறுசிறு தொகைகளாகக் கொடுத்தனர். கொடுத்தவர்களுள் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாயிலை மிதித்தறியாதவர்கள். பின்னர்த் துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1961இல் தனிநாயகம் அடிகள் அதன் பொறுப்பை ஏற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு இந்நகரில் கூடியதற்கு அவரே முதற்காரணர். அடிகளாரின் மாணவப் பருவத்தை நம் மாணவர்கள் அறிதல் நன்று. ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் பயின்று, உரோமையில் இறையியல் கற்றுக் குருவானவர் அவர். வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணிக்கு வந்தபின்னரே தம் தமிழறிவு போதாது என உணர்ந்து ஒரு பண்டிதரிடம் பாடம் கேட்டார். 1945இல், முப்பத்திரண்டாம் அகவையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். தெரியாது என்று ஒப்புக்கொண்டு மீண்டும் பலகையில் அமர்ந்த ஒருவர்தாம் நம் துறையை வழிநடத்தினார்.

இனி நான் சொல்லவந்த பயிற்சிக்கு வருகிறேன்.

பேச்சுத்தமிழ் குறித்த பாடத்தில் என் மாணவர்களுக்கு ஓர் ஒப்படைப்புத் தருவது வழக்கம். வீட்டிலுள்ள முதியவர் ஒருவரின் பேச்சை அரைமணி நேரம் ஒலிநாடாவில் பதிவுசெய்து, கேட்டவாறே எழுதி, அதன் இலக்கணத்தைக் கண்டறிய வேண்டும். கிள்ளானிலிருந்து வந்த மாணவி ஒருவர் கொணர்ந்த நாடாவைக் கேட்டேன். மேடைப்பேச்சுப் போன்ற செந்தமிழ்; அண்டை வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியருடைய குரல். "உங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறார் அல்லவா?" என்றேன். அவர் தலைகுனிந்து, "பாட்டி பேசுவது நல்ல தமிழ் இல்லைங்க ஐயா. தோட்டத்துத் தமிழ்" என்றார்.

அந்த விடைக்கு நானும் ஒரு வகையில் பொறுப்பாளி. என் முதலாண்டுப் பணியில் ஒரு மாணவரின் கட்டுரையில் 'சடக்கு' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வெட்டி, 'இது தமிழா?' என்று ஓரத்தில் எழுதினேன். அதன்பின் அவர் அவ்வாண்டு முழுவதும் வகுப்பில் வாய்திறக்கவில்லை. அந்த மௌனத்தின் காரணம் எனக்கு மிகப் பிந்தியே விளங்கிற்று.

ஆகவே கிள்ளான் மாணவியைக் கடிந்துகொள்ளாமல், பாட்டியிடமே திருப்பியனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துப் புதிய நாடாவோடு வந்தார். 'பெரட்டு', 'ஒட்டுப்பால்', 'கித்தா', 'சடக்கு', 'பசியாறுதல்' எனச் சொற்கள் கொட்டிக் கிடந்தன. தோட்டத்தில் விடியுமுன் ஆளெண்ணும் கூட்டமான பெரட்டு, ஆங்கிலப் 'பரேட்' என்பதன் திரிபு. கித்தா, மலாய்மொழியின் 'கெத்தா'. சடக்கு, இந்தியின் 'சடக்'. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கையும் செய்யுளுக்குரிய சொற்களாக ஏற்றவர் தொல்காப்பியர். அவர் திசைச்சொல்லுக்குத் திறந்துவிட்ட கதவை நான் சிவப்பு மையால் அடைத்திருக்கிறேன்!

சொற்களைவிட அம்மாணவியை வியப்பில் ஆழ்த்தியது ஓர் ஒலிவிதி. பாட்டி 'படித்து' என்பதைப் 'படிச்சு' என்றார். 'அடித்து' என்பதை 'அடிச்சு' என்றார். ஆனால் 'எடுத்து' என்பது 'எடுத்து' என்றே நின்றது. 'கொடுத்து' என்பது 'குடுத்து' ஆயிற்றேயன்றிக் 'குடுச்சு' ஆகவில்லை. ஏன்? மாணவி மூன்று நாள் பட்டியலிட்டுப் பார்த்துத் தாமே கண்டுபிடித்தார்: முன்னிற்கும் உயிர் இகரமானால் தகரம் சகரமாகிறது, உகரமானால் மாறுவதில்லை. 'ஐந்து' 'அஞ்சு' ஆவதும், 'செய்து' 'செஞ்சு' ஆவதும் இதனோடு உறவுடைய மாற்றங்களே. இகரத்தைப் போலவே ஐகாரமும் யகரமும் அண்ணத்தை ஒட்டிப் பிறப்பவை. அரைமணி நேரத்தில் பாட்டி ஓரிடத்திலும் பிழைக்கவில்லை. "பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்கு இந்த விதியை யார் ஐயா சொல்லிக் கொடுத்தது?" என்று அவர் கேட்டபோது, என் பாடம் முடிந்துவிட்டது என்று கருதினேன்.

அது முடியவில்லை. சொற்பொருளை உறுதிப்படுத்த அவர் மீண்டும் மீண்டும் பாட்டியிடம் செல்ல நேர்ந்தது. பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுவீர்கள், மழை பெய்தால் சம்பளம் உண்டா, குழந்தையை எங்கே விட்டுச் சென்றீர்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறார். அதுவரை அவ்வீட்டில் அக்கேள்விகளை யாரும் கேட்டதில்லையாம். துறைக்கு வந்த நாளில் தம் பெயரைச் சொல்லவே தயங்கிய அம்மாணவி, ஆண்டிறுதிக் கருத்தரங்கில் பாட்டியின் வாக்கியங்களை அவர் குரலிலேயே ஒலிக்கவிட்டு விளக்கினார். அவையில் ஒருவர், இது கொச்சையன்றோ என இடைமறித்தார். மாணவி சினங்கொள்ளவில்லை, கரும்பலகைக்குச் சென்று 'படிச்சு', 'எடுத்து' என்று எழுதி, "இவ்விரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று நீங்கள் சொல்லுங்கள், ஐயா" என்றார். கேட்டவர் சிரித்து அமர்ந்துவிட்டார். ஆளுமை வளர்ச்சி என்பதற்கு நான் கண்ணால் கண்ட சான்று அதுவே.

இருநிலை வழக்கைப் பற்றிப் பெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரையை நாம் தேர்வுக்குக் கற்பிக்கிறோம். நம் பிள்ளைகளோ அதனை ஏழு வயதில், வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான சாலையில், ஒரு குறையாகக் கற்றுவிடுகிறார்கள். வீட்டில் பேசுவது தாழ்ந்தது, ஏட்டில் இருப்பது உயர்ந்தது என்ற அந்த எண்ணத்தோடுதான் பதினெட்டு வயதில் கலைப்புலத்துக்கு வருகிறார்கள். அன்று தமிழ் எங்கள் உயிர் என்று காசு கொடுத்த தலைமுறையின் பேச்சையே தமிழன்று எனப் பேரப்பிள்ளைகள் எண்ணும்படி நேர்ந்ததற்கு, என்னையும் உள்ளிட்ட ஆசிரியர்களே விடைசொல்ல வேண்டும். எழுத்துத்தமிழை நெகிழவிடச் சொல்கிறேன் என்று யாரும் கொள்ளற்க. தேர்வுத்தாளில் 'படித்து' என்றே எழுதுக. ஆயினும், 'படிச்சு' என்பதற்கும் ஒரு விதி உண்டு என அறிந்து எழுதுக.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பெரட்டுக் களத்தில் நின்றவர்களுள் எஞ்சியிருப்போர் மூப்பெய்திவிட்டனர். அக்காலத்தில் நாங்கள் துறையின் ஒலிப்பதிவுக் கருவிக்காக முறைபோட்டுக் காத்திருந்தோம். உங்கள் ஒவ்வொருவர் கையிலும் அது கைப்பேசியாக உள்ளது. இவ்விடுமுறையில் அரைமணி நேரம் பதிவுசெய்யுங்கள். பேசுபவரின் இசைவை முதலில் பெறுங்கள். ஊரையும் நாளையும் குறித்துவையுங்கள். இடையில் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். ஆசிரியர்கள் அப்பதிவுகளை வாங்கி, மதிப்பெண் இடுவதற்கு முன் ஒருமுறை முழுதும் கேட்க வேண்டுகிறேன்.