வலிக்கு ‘கரண்டு’ வைக்கலாமா?

(ஏரியூரில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



களை எடுத்து, குடம் சுமந்து நம்மில் பலருக்கு இடுப்பும் முட்டியும் வலிக்குது. “ஆஸ்பத்திரியில கரண்டு வச்சா நரம்பு செத்துடுமாமே?” என்று சிலர் பயப்படுகிறீர்கள். “குழுக்கடன் போட்டு அந்த மிஷினையே வாங்கிடலாமா மேடம்?” என்றும் சிலர் கேட்கிறீர்கள்.

நாம் ‘கரண்டு’ என்று சொல்வது ஒரே சிகிச்சை இல்லை. ஒன்று, தோலில் பட்டை ஒட்டி லேசான மின்சாரம் கொடுப்பது. சுருசுருவென்று இருக்கும். இன்னொன்று, மைக்ரோவேவ் என்ற நுண்ணலைச் சூடு. மைக்ரோவேவ் அடுப்பில் இருக்கிற அதே 2450 மெகாஹெர்ட்ஸ் அலைதான் இதுவும். அளவாக வைத்தால் தோலுக்கு அடியில் உள்ள சதை இதமாகச் சூடாகும். ரத்த ஓட்டம் கூடும், இறுகிய சதை தளரும், வலி குறையும். ஷார்ட்வேவ் என்ற கருவியும் இப்படித்தான். முறையாக வைத்தால் நரம்பு சாகாது. ஆனால் தேய்ந்த மூட்டு இதனால் வளராது. பயிற்சியும் செய்தால்தான் பலன் நிற்கும்.

அப்போ ஆபத்து எங்கே? “சுடுது” என்று நமக்குச் சொல்வதே நரம்புதான். சர்க்கரை நோயில் கால் மரத்தவர்களுக்கும், தொழுநோயில் உணர்ச்சி போனவர்களுக்கும் அந்தச் சேதி வராது. சதை வெந்தாலும் தெரியாது. வெந்நீர் ஒத்தடமும் அவர்களுக்கு ஆபத்துதான்.

அதனால் சிகிச்சைக்கு முன் வெட்கப்படாமல் சொல்லுங்கள்:

1. நாள் தள்ளிப் போயிருந்தால், கர்ப்பமாக இருந்தால்
2. காப்பர்-டி போட்டிருந்தால், எலும்பில் கம்பி, தகடு இருந்தால்
3. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால்
4. மரத்துப்போன இடம், புற்றுநோய்க் கட்டி இருந்தால்

சூடு வைக்கும் இடத்தில் நகை, சேப்டி பின் இருக்கக் கூடாது. சூடு அதிகமானால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், உடனே சொல்லுங்கள்.

மிஷினுக்காகக் கடன் வேண்டாம். எந்த வலிக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்து வைக்க வேண்டியவர் இயன்முறை மருத்துவர். பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவந்தது. அதன் சுகாதாரத் தன்னார்வலர்களே சுயஉதவிக் குழுப் பெண்கள்தான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசியுங்கள். “யாருக்காவது கால் மரத்திருக்கா?” என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். இருந்தால் முதலில் சர்க்கரை பரிசோதனை. மரத்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம்.