பசறை வீதியும் ஒரு கொழுந்துக் கூடையும்

இன்றைக்கு எல்லவுக்குப் போகலாம், வாருங்கள். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; ஊரில் பாதிப்பேரின் கல்யாண அல்பத்தில் அந்தப் பாலம்தான் நிற்கிறது. இராவணன் நீர்வீழ்ச்சியில் குளிக்கிறவர்கள் குளிக்கட்டும். நாம் எல்லச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பசறை வீதியில் மெல்ல நடப்போம்.

சந்தி தாண்டினால் தேயிலை வந்துவிடும். இடையிடையே கரையோரத்தில் மானாப்புல். கையில் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை மணம் அடிக்குமே, அதுதான். ஒரு காலத்தில் கூரை வேய்ந்த புல். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நடுவதற்கு முன், ஒன்றரை இரண்டு வருஷம் இந்தப் புல்லை வளர்த்து மண்ணைத் தேற்றுவார்கள்.

இந்த வீதியில் கிடைக்கிற ரொட்டியையும் கட்டச் சம்பலையும் சொல்லத்தான் வந்தேன். ஆனால் போன தடவை நுழைந்த சாப்பாட்டுக் கடையில் தலைக்கு மேலே ஒரு கொழுந்துக் கூடை தொங்கியது. கவிழ்த்து, உள்ளே பல்பு போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சாயத்தண்ணி ஆறியே போய்விட்டது.

எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு தாத்தா இருந்தார். பகலில் கவ்வாத்து வெட்டுவார், பொழுது சாய்ந்தால் கூடை முடைவார். கண்ட மூங்கிலையும் வெட்ட மாட்டார். பிஞ்சு மூங்கில் காய்ந்ததும் சுருங்கும், பின்னல் தளர்ந்துவிடும். மூன்று வயசுக் கழி வேண்டும், அதையும் தேய்பிறையில்தான் வெட்ட வேண்டும் என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நிலாவின் கணக்கு எப்படியோ, வண்டின் கணக்கு நிஜம். மூங்கிலுக்குள் இருக்கும் மாச்சத்தைத் தேடித்தான் வண்டு துளைக்கிறது. மூங்கில் மாவாக உளுத்துக் கொட்டுவது அதனால்தான். அந்த மாச்சத்தைக் கழுவி எடுக்கத்தான் தாத்தா கழிகளை ஓடையில் போட்டு, மேலே கல்லைத் தூக்கி வைத்து, வாரக்கணக்கில் ஊறவிடுவார். ஊறிய மூங்கிலின் நாற்றம் இருக்கிறதே, அது வானொலியில் வராதது உங்கள் அதிர்ஷ்டம்!

பிறகு கத்தி. தலைப்பில் வைத்து ஒரு தட்டு. கணுவுக்குக் கணு படபடவென்று பிளந்துகொண்டு போகும். பச்சைத்தோல் ஒட்டிய வெளிச் சிம்புதான் கூடைக்கு. உள்பக்கத்து வெள்ளைச் சதை சீக்கிரம் நைந்துவிடும், அது கோழிக்கூட்டுக்குப் போகும். கூடையின் அடி சதுரமாகத் தொடங்கி வாய் வட்டமாக முடியும். சதுரம் எந்த வரியில் வட்டமாகிறது என்று பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாலும் பிடிபடாது. முடைந்த கூடை அடுப்புக்கு மேலே தொங்கும். கவ்வாத்து மிளாறு எரிகிற புகை ஏற ஏற, தேன் நிறத்துக்கு வந்துவிடும். புகை குடித்த கூடையை வண்டு சீண்டாது.

பிலிப்பைன்ஸ் தேசத்தில் வட லூசான் மலைக்காரர்களுக்கும் ஒரு முதுகுக் கூடை உண்டு, பாசிகிங் என்பார்கள். அவர்களுக்குப் பிரம்பு, நமக்கு மூங்கில். அவர்கள் தோளுக்கு இரண்டு பட்டி வைத்திருக்கிறார்கள். நம் பெண்களுக்கோ கயிறு உச்சந்தலையில், அடியில் மடித்த ஒரு துணி. கூடையின் வாய் தோளுக்குப் பின்னால் திறந்தே இருக்கும். திரும்பிப் பார்க்காமல் கொழுந்தை எறியலாம். வேலைக்கு வசதி, கழுத்துக்கு வதை.

இப்போது மலையில் நைலோன் பைதான் அதிகம். பாரம் குறைவு, விலையும் குறைவு. "பைதான் சுகம்" என்று கொழுந்து எடுக்கிற அக்காமார் சொன்னால் மறுத்துப் பேச எனக்கு வாயில்லை. நிறுக்கிறபோது கூடைக்கென்று கழித்த கிலோக்களை அவர்கள் மறப்பார்களா? சில இடங்களில் பைக்கும் கழிக்கிறார்களாம், அது வேறு வயிற்றெரிச்சல்.

ஆனால் கொழுந்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பறித்த பிறகும் அது மூச்சு விடுகிறது, சூடாகிறது. காற்றுப் போக வழியில்லாமல் அமுக்கி வைத்தால், மடுவத்துக்குப் போவதற்குள்ளேயே சிவந்து கெட்டுவிடும். மூங்கில் கூடையில் சிம்புக்குச் சிம்பு இடைவெளி; காற்று தானாகப் போய்வரும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாவில் வறண்ட காற்று வீசுமே, அந்தப் பருவத்துத் தேயிலையின் வாசத்துக்குத்தானே ஏலத்தில் தனி மரியாதை! அந்தக் கொழுந்தைப் பையில் திணித்து வேகவிடுவது எனக்குச் சம்மதமில்லை. கூடையின் பாரத்தையும் குறைக்க வேண்டும், கயிற்றையும் தலையிலிருந்து தோளுக்கு இறக்க வேண்டும். லூசான்காரர்கள் செய்ததை நம்மால் செய்ய முடியாதா?

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று. எல்லவில் கூடை வாங்குகிறவர்கள் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். வழவழவென்று கடினமாக இருந்தால் வெளிச் சிம்பு. நார் பிய்ந்து வந்தால் உள்சதை, அதை வாங்காதீர்கள். உங்கள் தோட்டத்தில் கூடை முடையத் தெரிந்த பெரியவர் இன்னும் இருந்தால், கடையைத் தேடாமல் அவரிடமே ஒரு கூடைக்குச் சொல்லி வையுங்கள். முன்பணமும் கொடுத்துவிடுங்கள்.