வாயைத் திறந்து காட்டுவோம்

(சுகாதார வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



எங்கள் முன்னோரில் பெரும்பகுதியினர் மன்னார்க் கரையில் இறங்கித்தான் மலைநாட்டுக்கு வந்தார்கள். அதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனியும் நடந்தது. அந்தக் காலத்து வெற்றிலைப் பை இன்னும் எங்கள் இடுப்பை விட்டுப் போகவில்லை. மலையில் குளிருக்கு ஒரு வாய், பசிக்கு ஒரு வாய். மன்னார்ப் பக்கம் குடியேறிய எங்கள் சொந்தக்காரரிடமும் இதே பழக்கந்தான்.

"நான் பொயிலை போடுறதில்ல, வெறும் பாக்குத்தானே" என்று சிலர் சொல்வார்கள். பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் அறிக்கை வெளியிட்டது. புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

வாய்ப்புற்று தொடக்கத்தில் நோகாது. அதனால்தான் ஏமாந்து போகிறோம். கன்னத்தின் உள்ளே, நாக்கின் ஓரத்தில், நாக்குக்கு அடியில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், கறி உறைத்து எரிவது, வாய் முழுதாகத் திறக்க முடியாமல் போவது, இவைதான் அடையாளம். மாதம் ஒருதரம் கண்ணாடி முன்னே டார்ச் பிடித்துப் பார்த்தால் போதும்.

பல் பிடுங்கப் போனாலும், "டாக்டர், வாய் முழுக்க ஒருதரம் பாருங்க. நான் வெத்தில போடுறவ" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

பேராசிரியர் சமன் வர்ணகுலசூரிய குழுவினரின் ஆய்வு 1984இல் வெளிவந்தது. நம் நாட்டுச் சுகாதார ஊழியர்கள் 34 பேர் ஓராண்டில் 28,295 பேரின் வாயைப் பார்த்தார்கள். 1,220 பேரை மேல் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். போனவர்கள் பாதிக்குச் சற்றுக் கூடுதலானோர் மட்டுமே! மற்றவர்கள் போகவேயில்லை.

ஏன் போவதில்லை என்று எங்களுக்குத் தெரியும். ஒரு நாள் பேர் போய்விடும், பஸ் காசு வேண்டும், என்ன சொல்வார்களோ என்று பயம். ஆனால் தொடக்கத்தில் கண்டால் சிறிய வைத்தியத்தோடு முடியும். பிந்தினால் தாடையையே வெட்ட வேண்டி வரலாம். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் வீடு வீடாக வாய் பார்த்தார்கள். புகையிலை, மது பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் அறிவித்தார்கள்.

அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. மலைநாட்டில் இருப்பவர்கள் பக்கத்து வைத்தியசாலைப் பல் கிளினிக்குக்குப் போகலாம். பெரிய பரிசோதனைக்குப் பேராதனைப் பல் வைத்தியசாலை இருக்கிறது. மன்னாரில் உள்ள உறவினர்களுக்கு மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது.

இந்த ஞாயிறு லயத்தில் உள்ள பெரியவர்களின் வாயைப் பாருங்கள். துண்டு எழுதிக் கொடுத்தால், அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைக்காதீர்கள். அந்த வாரமே கூட்டிப் போங்கள். ஒரு நாள் பேர் போனால் மறுநாள் உழைக்கலாம். தாய் போனால் யார் வருவார்?