நல்ல எண்ணம் மாத்திரம் போதாது



புயலடித்து ஜனங்கள் மாண்டால், "தலைவிதி, யார் என்ன செய்ய முடியும்?" என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள் ஒரு ரகம். இளகிய மனதோடு ஓடிவந்து, யார் எதைச் செய்வதென்று தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்ளுகிறவர்கள் மற்றொரு ரகம். இவ்விரண்டாலும் உயிர் பிழைக்காது என்பதே நமது அபிப்பிராயம்.

வங்காள தேசத்தைப் பாருங்கள். அது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தபோது, 1970-ஆம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி இரவு அடித்த புயலில் 3 லட்சம் முதல் 5 லட்சம் பேர் வரை மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். புயல் வருவது தெரியாமலில்லை. தெரிந்த செய்தி கரையோரக் குடிசைகளுக்கு விளங்கும்படி போய்ச் சேரவில்லை. அப்படியானால் அத்தனை பேரையும் கொன்றது விதியா, ஏற்பாடில்லாமையா?

1972-ல் செஞ்சிலுவைச் சங்கத்தார் அங்கு புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தார்கள். பின்னர் சர்க்காரும் அதில் சேர்ந்துகொண்டது. தொண்டர்கள் வெளியூரிலிருந்து வந்தவர்களல்ல. அந்தந்தக் கிராமத்து ஜனங்களே. எச்சரிக்கை சொல்லுவது, புகலிடத்தில் சேர்ப்பது, மீட்பது, முதலுதவி செய்வது, நிவாரணம் கொடுப்பது என்று வேலை பிரிக்கப்பட்டது. கொடியேற்றவும் கைச்சைரன் சுற்றவும் பழக்கி, காற்றில்லாத நாளிலேயே ஒத்திகையும் நடத்தினார்கள். இதில் உத்தரவு கொடுக்கும் யோக்கியதை பணத்தாலும் பிறப்பாலும் வருவதல்ல; பழகியதால் வருவது.

ஆனால் குறையும் இருந்தது. 1991-ஆம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதிப் புயலில் சுமார் 1,38,000 பேர் மாண்டார்கள். புகலிடங்கள் போதவில்லை என்பது ஒரு காரணம். மற்றொன்று வெட்கக்கேடான காரணம். மாண்டவர்களில் பெண்கள் அதிகம். புருஷன் உத்தரவின்றி வாசற்படி தாண்டக்கூடாது, அந்நிய ஆண்கள் கூடியுள்ள இடத்துக்குப் போகக்கூடாது என்று பழக்கப்பட்ட பெண்கள், தண்ணீர் ஏறும்வரை குடிசையிலேயே இருந்தார்கள். ஆண் தொண்டன் வெளியே நின்று கத்தினால் அவர்களுக்கு என்ன பிரயோஜனம்?

ஆகவே பெண்களையும் அதிகமாகத் தொண்டர்களாகச் சேர்த்தார்கள். இன்று அத்திட்டத்தில் சுமார் 76 ஆயிரம் பேர், ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள். 2007-ல் சித்ர் என்ற கடும் புயலில் மாண்டவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் துக்கமே, ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள். புகலிடங்களும் வானிலை அறிவும் இதற்கு உதவின என்பதை நாம் மறுக்கவில்லை. கட்டிடம் தானே போய் ஒரு கிழவியைத் தூக்கிவருமா? அதற்குப் பழகிய கை வேண்டும்.

தோழர்களே! எந்த ஊரானாலும் நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: நாளை வெள்ளம் வந்தால் யார் செய்தி சொல்லுவது? நடக்கமுடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள்? அவர்களை யார் தூக்குவது? யார் சொல்லுக்கு மற்றவர்கள் கட்டுப்படுவது? இன்று விடை தெரியாவிட்டால், அன்று நமது கண்ணீர் ஒருவரையும் காப்பாற்றாது என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.