ஆழாக்கும் படியும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொலைபேசிக் கம்பி வழியே மோடம் கொண்டு செய்திகளைப் பெற்ற காலத்தையும், ஒளியிழை வழியே பெறுகின்ற இக்காலத்தையும் ஒப்பிட்டுப் பேசுமாறு செயலாளர் பணித்தார். கணக்குப் பேச்சு விழா மேடைக்கு ஒவ்வுமோ என முதலில் தயங்கினேன். ஆயினும், ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு இக்கணக்கு அயலானதன்று.

அண்மையில் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் மனம் வெதும்பி என்னிடம் வந்தார். பேரனை நாள்தோறும் திரையில் காணும் ஆவலால், மாதக் கட்டணம் செலுத்தி 100 மெகா வேகமுள்ள இணைப்பைப் பெற்றிருந்தார். ஒரு கோப்பை இறக்கும்போது திரையில் தெரிந்த எண்ணோ வெறும் 12. “எட்டில் ஒரு பங்குதானே தருகிறார்கள்! இது பகற்கொள்ளை அன்றோ?” என்றார்.

கொள்ளை அன்று, அளவைக் குழப்பமே. நம் பாட்டிமார் 8 ஆழாக்கு கொண்டது ஒரு படி என்று அறிந்திருந்தனர். கணிப்பொறி உலகிலும் அவ்வாறே 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். இணைப்பை விற்பவர் பிட்டால், அதாவது ஆழாக்கால், அளந்து சொல்கிறார். கோப்பைக் காட்டும் கணிப்பொறியோ பைட்டால், அதாவது படியால், அளக்கிறது. 100 ஆழாக்கு பன்னிரண்டரைப் படி. வழிச்செலவாகச் சிறிது கழியும். ஆதலால் 12 என்று தெரிந்தது. பெரியவர் தெளிவடைந்தார். எனினும், எட்டால் வகுத்த பின்னும் எண் மிகக் குறைந்திருந்தால், முதலில் கணிப்பொறியைக் கம்பியால் நேரே இணைத்து அளந்து பாருங்கள். குறை வீட்டுக் காற்றலையிலா, வெளியிணைப்பிலா என்பது அப்போது விளங்கும். அதன் பின்னரே முறையிடுங்கள்.

இனி, பழைய மோடத்தின் கதை. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கிற்று. அக்கால மோடங்கள் படிப்படியாக வளர்ந்து, நொடிக்கு 56,000 பிட் என்னும் எல்லையில் நின்றன. ஏன் நின்றன? தொலைபேசி நிலையம் நம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதும். ஆக, ஒரு குரல் வழியின் கொள்ளளவு 64,000 பிட். எட்டில் ஏழு பிட்டை மட்டுமே மோடம் நம்பிப் பயன்படுத்த இயலும், எனவே 56,000. அதுவும் ஏட்டளவே, நடைமுறையில் அதற்குக் குறைவாகவே கிடைத்தது.

ஒளியிழைப் பெருவழியின் அடிப்படை அளவுகளுள் ஒன்றான எஸ்.டி.எம்.-1 நொடிக்கு 15 கோடியே 55 இலட்சத்து 20 ஆயிரம் பிட்டைச் சுமக்கும். இதனை 56,000ஆல் வகுத்தால் 2,777 வரும். அத்தனை மோடங்களின் சுமையை மெல்லிய ஒரு கண்ணாடி இழை தாங்குகிறது! இன்றைய இழைகளோ இதனினும் பன்மடங்கு தாங்குவன. ஒளியை இழைக்குள் வளைத்துச் செலுத்தும் ஆய்வில் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி 1954இலேயே பெயர் பெற்றார். மாசற்ற கண்ணாடியில் ஒளி நெடுந்தொலைவு செல்லும் என 1966இல் காட்டிய சார்லசு காவோ 2009இல் நோபல் பரிசு பெற்றார்.

இங்கே ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. செம்புக் கம்பியிலும் குறிப்பு ஏறக்குறைய அவ்வளவு விரைவாகவே ஓடிற்று. மிகுந்தது ஓட்டம் அன்று, மடையின் அகலம். ‘வேகம்’ என நாம் வழங்குவது, ஒரு நொடியில் மடை விடும் நீரின் அளவையே.

அன்பர்களே! 1999ஆம் ஆண்டு என் தந்தையார் ஊரில் நோயுற்றிருந்தார். உடனே புறப்பட விடுப்புக் கிடைக்கவில்லை. தம்பி அவர் படத்தை இணையவழி அனுப்பினான். அளவு 5 இலட்சம் பைட். அதாவது 40 இலட்சம் பிட். என் மோடத்தின் வேகம் 28,800. கணக்குப்படி 2 நிமிடம் 19 நொடியில் வந்திருக்க வேண்டும். படம் மேலிருந்து கீழாக வரி வரியாக விரிந்தது. நெற்றி தெரிந்தது, கண்கள் தெரிந்தன, இணைப்பு அறுந்தது. மூன்று முறை அவ்வாறே. நான்காம் முறைதான் அவருடைய புன்னகையைக் கண்டேன். அந்தப் புன்னகைக்காக இரவெல்லாம் விழித்திருந்தேன்.

அதே படம் இன்று 100 மெகா இணைப்பில் நொடியில் 25இல் ஒரு பங்கில் வந்துவிடும். கண்ணிமைக்கும் நேரத்தினும் அது குறைவு. மடை அகன்றுவிட்டது, தடை நீங்கிவிட்டது. ஆனால், ஊரிலிருக்கும் முதியோரை அழைத்துப் பேச நாம் ஒதுக்கும் நேரம் அகன்றுள்ளதா? இவ்வகுத்தலை மட்டும் எந்தக் கணிப்பொறியும் நமக்காகச் செய்து தராது. இன்றிரவு விழா முடிந்து இல்லம் திரும்பியதும் அவரவரே செய்து பார்ப்போமாக!