சாத்தான்குளத் தொகுதி தமிழர்க்குச் சொல்வது என்ன?

சாயர்புரத்துத் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



இச்சாயர்புரம் தமிழுக்கு அயலான ஊர் அன்று. 1842ஆம் ஆண்டில் இவ்வூருக்கு வந்து, கல்விக்கூடம் நிறுவித் தமிழ்ப்பிள்ளைகட்குக் கல்வி தந்தவர் போப்பு ஐயர். அவரே 1886இல் திருக்குறளை ஆங்கிலத்திற் பெயர்த்து உலகத்தார் கையில் தந்தார். அக்குறள் தமிழகச் சட்டமன்றத்தினுள் நாள்தோறும் ஒலிக்குமாறு செய்தவரும் இக்கடற்கரை நாட்டு மைந்தரே. அவர் சி.பா.ஆதித்தனார். அவரை 1957இல் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி சாத்தான்குளம். அத்தொகுதி இன்று இல்லை! அது ஏன் மறைந்தது, அம்மறைவு தமிழர்க்கு எதை அறிவுறுத்துகிறது என்பதே இன்றைய பொருள்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். சாத்தான்குளம் என்றதும் பேயின் பெயரை நினைத்து நகைப்பார் உளர். அறியாமை அது! சாத்தன் என்பது பழந்தமிழர் தம் மக்கட்கு இட்டு வழங்கிய பெயர். மணிமேகலை பாடிய பெரும்புலவர் சீத்தலைச் சாத்தனார் அல்லரோ? ஊர்ப்புறத்தே காவல்நின்ற ஐயனாரையும் சாத்தன் என்றே முன்னோர் அழைத்தனர். தன் ஊர்ப்பெயரின் பொருளை மறந்தவன், தன் தொகுதியின் வரலாற்றையும் எளிதில் மறந்துவிடுவான்.

ஆதித்தனார் 1905இல் திருச்செந்தூரை அடுத்த காயாமொழியிற் பிறந்தவர். 1942இல் 'தந்தி' நாளிதழைத் தொடங்கி, பள்ளியேறாத உழவனும் எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்குமாறு செய்தவர். 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் எந்தப் பெருங்கட்சியின் நிழலிலும் ஒதுங்காது தனித்து நின்றார். நாடெங்கும் காங்கிரசு கோலோச்சிய காலம் அது. ஆயினும், பனைமரமும் செம்மணல் தேரியும் சூழ்ந்த சாத்தான்குளத்து மக்கள் தனித்து நின்ற தமிழரையே தேர்ந்தனர்.

அத்தேர்வு வீண்போகவில்லை. அடுத்த ஆண்டே, 1958இல், அவர் 'நாம் தமிழர்' இயக்கத்தைக் கண்டார். 1960இல் தந்தை பெரியாரொடு இணைந்து, தமிழ்நாடு நீங்கலான இந்திய நிலப்படத்தை எரிக்கும் போராட்டத்தில் இறங்கினார். இவையெல்லாம் நிகழ்ந்தபோது அவர் எத்தொகுதியின் உறுப்பினர்? சாத்தான்குளத்தின் உறுப்பினர்! தமிழர்க்குத் தனியுரிமை வேண்டும் என்னும் குரல் சட்டமன்றத்துள் எழ ஓர் இருக்கை தந்தது அச்சிற்றூர்த் தொகுதியே.

பின்னர் 1967இல் அவர் திருவைகுண்டத் தொகுதியில் வென்று பேரவைத் தலைவரானார். குறளோடு அவை தொடங்கும் மரபு அவர் காலத்தது. 1967 சூலை 18ஆம் நாள், 'சென்னை மாநிலம்' என்ற பெயர் நீங்கித் 'தமிழ்நாடு' என்ற பெயர் வேண்டும் என்னும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியபோதும், 1968 சனவரி 23இல் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் நிறைவேறியபோதும், அவைத்தலைமை இருக்கையில் அமர்ந்திருந்தவர் அவரே.

சாத்தான்குளத்தின் பெருமை அவரொடு முடியவில்லை. நாடாளுமன்றத்தில் தமிழில் வினா எழுப்பும் உரிமைக்காகப் போராடி வென்றவர் இலக்கியச் செல்வர் குமரி அனந்தன். 1977இல் நாகர்கோவில் மக்களவை உறுப்பினராகத் தில்லி சென்ற அவர், அஞ்சலகப் பணவிடைத் தாளும் தமிழில் வேண்டும் என்று வாதாடினார். பின்னாளில் அவரும் காங்கிரசின் சார்பில் சாத்தான்குளத்தில் நின்று வென்று சட்டமன்றம் சென்றார். அவர் 2025 ஏப்பிரல் 9ஆம் நாள் மறைந்தார். கட்சியால் ஆதித்தனாரும் அவரும் வேறுவேறு, தமிழால் ஒன்று. இருவர்க்கும் இடந்தந்த தொகுதி ஒன்றே என்பதை எண்ணிப் பாருங்கள்.

2001இல் தமிழ் மாநிலக் காங்கிரசின் மணி நாடார் இங்கு வென்றார். அவர் மறைவால் 2003 பிப்பிரவரித் திங்களில் இடைத்தேர்தல் வந்தது. அமைச்சர்கள் ஊரூராக வந்து தங்கினர், ஆளுங்கட்சியான அ.தி.மு.க. வென்றது. 2006இல் காங்கிரசின் இராணி வெங்கடேசன் வென்றார். அவரே அத்தொகுதியின் இறுதி உறுப்பினர்.

தொகுதி ஏன் அழிந்தது? நடுவர் குல்தீப் சிங்கு தலைமையிலான வரையறை ஆணையம், 2001ஆம் ஆண்டு மக்கள்தொகையை அளவுகோலாகக் கொண்டு எல்லைகளைத் திருத்தி வரைந்தது. தமிழகத்தின் மொத்த இடங்கள் 234 என்பது மாறவில்லை. உள்ளே பங்கீடு மட்டும் மாறியது. 14 தொகுதி கொண்ட சென்னை 16 பெற்றது. 7 தொகுதி கொண்ட தூத்துக்குடி மாவட்டம் 6 ஆயிற்று. 2008இல் அவ்வரையறை நடைமுறைக்கு வந்தது. சாத்தான்குளம் திருவைகுண்டத் தொகுதியுள் அடங்கிற்று. திருச்செந்தூர் என்னும் மக்களவைத் தொகுதிப் பெயரும் அப்போதே மறைந்து, 2009 முதல் தூத்துக்குடி என்றாயிற்று.

சாத்தான்குளத்தார் தொகை ஏன் பெருகவில்லை? தேரிக்காட்டில் நீர் அரிது; பனையேறி வாழ்ந்த குடிக்குப் பனை சோறிடாத காலம் வந்தது. இளைஞர் சென்னைக்கும் மும்பைக்கும் கடை வைக்கவும் கூலிக்கும் சென்றனர். சென்ற இடத்தில் அவர்கள் தலை எண்ணப்பட்டது. பிறந்த இடத்தில் எண்ணிக்கை குறைந்தது. வறுமை முதலில் மக்களைக் கொண்டுசென்றது. மக்கள் போனதைக் காட்டித் தொகுதியும் கொண்டுபோகப்பட்டது. எந்த மண்ணுக்குக் குரல் மிகுதியும் வேண்டுமோ, அந்த மண்ணின் குரலே குறைக்கப்பட்டது. 2020 சூன் திங்களில் காவலர் பிடியில் தந்தையும் மகனும் மாண்ட கொடுமையால் சாத்தான்குளம் என்ற பெயரை உலகமே அறிந்தது. அன்று அப்பெயரால் சட்டமன்றத்தில் எழுந்துநின்று முறையிட ஓர் உறுப்பினர் இல்லை!

தமிழ்ப் பெருமக்களே! சாத்தான்குளத்துக்கு நேர்ந்தது தமிழ்நாட்டுக்கே முன்பு நேர்ந்தது. 1957இலும் 1962இலும் தமிழகத்துக்கு மக்களவையில் 41 இடம். 1967இல் அது 39 ஆயிற்று. மக்கள்தொகை மெல்ல வளர்ந்தது என்பதே கரணியம். 1999இல் ஒரே வாக்கில் ஒரு நடுவணரசு கவிழ்ந்தது. அவ்வாறாயின் இரண்டு இடத்தின் விலை என்ன? 2021இல் மதுரைக் கிளையில் அமர்ந்த உயர்முறைமன்ற நடுவர்கள், 14 தேர்தல்களில் இரண்டிரண்டு உறுப்பினரை இழந்தமைக்கு ஈடாக 5,600 கோடி உருபா ஏன் தரலாகாது என்று வினவினர்.

1976இல் 42ஆம் திருத்தம் இடங்களின் எண்ணிக்கையை நிறுத்திவைத்தது. 84ஆம் திருத்தம் அதனை 2026க்குப் பின் எடுக்கும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டியது. 2027 மார்ச்சு முதல் நாளை அடிப்படையாகக் கொண்ட கணக்கெடுப்பை நடுவணரசு 2025 சூனில் அறிவித்தது. அதற்கு முன்பே, 2025 மார்ச்சு 22இல் சென்னையில் கூடிய பல மாநிலத் தலைவர்கள், அந்நிறுத்தம் இன்னும் 25 ஆண்டு நீடிக்க வேண்டும் என்று தீர்மானித்தனர். குடும்பத்தை அளவோடு பேணுக என்று நாட்டுக்குச் சொல்லிவிட்டு, பேணியவனுக்கே ஒறுப்புத் தருவது எந்த முறை?

ஆனால், இங்கே தமிழர் தம் நெஞ்சைத் தாமே வினவவேண்டிய ஒன்றும் உண்டு. தலையெண்ணிக்கை ஒன்றையே அளவாகக் கொள்ளாதே என்று தில்லியை நோக்கி உரைக்கும் தமிழகம், தேரிக்காட்டை நோக்கி அதே அளவைத்தானே நீட்டியது? சாத்தான்குளத்தை இழந்தபோது தலைநகரில் எத்துணைக் குரல் எழுந்தது? வடக்கிலிருந்து வந்தால் முறைகேடு, சென்னைக்கு ஆதாயமானால் முறை என்று ஆகுமோ? தன் வீட்டில் ஒரு கோலும் அயல்வீட்டில் ஒரு கோலும் வைத்தளப்பவன் சொல் அவையேறாது. தேரியின் உரிமையைக் காக்கும் தமிழகமே தில்லியின் முன் தலைநிமிர்ந்து தன் உரிமையைக் கேட்க முடியும்.

ஆகவே இளைஞர்களே! கணக்கெடுப்போர் வரும்போது தாய்மொழி தமிழ் என்று பிழையின்றிப் பதியச் செய்யுங்கள். வாக்காளர் பட்டியலில் ஊராரின் பெயர் விடுபடாது காத்து நில்லுங்கள். அடுத்த வரையறை வரைவு வெளிவருங்கால், அதனைப் படித்து, ஊர்கூடி, தேரி நாட்டுக்குத் தனித்தொகுதி வேண்டும் என்று எழுத்தில் முறையிடுங்கள். 2008க்கு முன் செய்யத் தவறியதை இனியேனும் செய்க!

தொகுதி போயிற்று, சாத்தனின் குளம் அங்கேயே இருக்கிறது. கேட்டுப் பெறும் மக்கள் இருப்பின் அதன் உரிமையும் மீளும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உரிமை!