தண்ணீர்ப் பந்தலில் தண்ணீர் எங்கே?



தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலைக்கு நடந்து போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். வழிநெடுகப் பந்தல்கள். ஓரிடத்தில் ரோஸ் சிராப், அடுத்ததில் மோர், அதற்கடுத்து டின் பால் ஊற்றிய தேநீர். யாரும் காசு கேட்பதில்லை, எந்த இனம், எந்த மதம் என்று விசாரிப்பதில்லை. இதைவிடப் பெரிய சமூக அக்கறை உண்டா என்று நானே மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சில் இன்று ஒரு திருத்தம் சொல்ல வந்திருக்கிறேன்.

என் அம்மாவுக்கு இனிப்புநீர் வியாதி. வீட்டில் சீனி டப்பாவையே எடுத்துவிட்டார். கடைக்குப் போனாலும் 'தே ஓ கோசோங்' தான். ஆனால் பூசத்தன்று, "முருகன் பந்தல்மா, வேண்டாம்னு சொல்லக்கூடாது" என்று ஒருவர் அன்போடு நீட்டினால் எப்படி மறுப்பார்? ஒரு நாள்தானே என்பார். கல்யாணம் ஒரு நாள், காதுகுத்து ஒரு நாள், பேரன் பிறந்தநாள் ஒரு நாள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வெறுங்காலோடு நடந்தபோது பாதத்தில் ஏதோ குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. இரத்தத்தில் சர்க்கரை நீண்ட காலம் கூடியே இருந்தால் கால் நரம்புகள் மரத்துப் போகும். வலித்திருந்தால் பார்த்திருப்பார். புண் உள்ளே புரையோடி, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

கிளினிக்குப் போவதற்கு முதல் நாள் மட்டும் சோற்றைக் குறைத்து, டாக்டரை ஏமாற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. சிரிக்காதீர்கள், என் அம்மாவும் செய்திருக்கிறார். எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனையிடம் அது பலிக்காது. சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் சர்க்கரை போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த அணு ஏறக்குறைய 120 நாட்கள் உயிரோடு இருக்கும். அதனால் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் அப்படியே தெரியும். நேற்றைய பட்டினி மட்டும் தனியாகத் தெரியாது.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது! பந்தல் வரிசையில் நிற்கும் அந்த மூன்றாவது ஆள் யார் என்று கிளாஸை நீட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்?

அதே 2019 ஜூலை முதல் தேதி, 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பாட்டில், டின் பானங்களுக்கு அரசாங்கம் வரி போட்டது. பந்தல் அண்டாவுக்கு வரி ஏது? அதை நாம்தான் கலக்குகிறோம். சீனியைக் குறையுங்கள் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், 2019இல் மறைந்த அதன் தலைவர் எஸ்.எம். முகமது இட்ரிஸ் அவர்களும் எத்தனையோ ஆண்டுகள் சொல்லிப் பார்த்தார்கள்.

வீட்டுக்குள் அம்மாவின் கட்டுப்பாடு அம்மா கையில். வாசலைத் தாண்டினால் அது நம் எல்லோர் கையிலும் இருக்கிறது.

என் தாய்மாமா நண்பர்களோடு சேர்ந்து பந்தல் போடுகிறவர். "சிராப்பை பின்னால வைங்க மாமா, முன்னால வெறும் தண்ணி" என்றேன். "சப்புன்னு தண்ணி குடுக்கவா பந்தல் போடுறோம்?" என்று கோபப்பட்டார். தண்ணீர்மலைக்குப் போகிற வழியில், தண்ணீர்ப் பந்தலில், தண்ணீர் கொடுக்கச் சொன்னதற்கு வந்த கோபம் அது! அம்மாவின் காலைப் பார்த்த பிறகுதான் இறங்கி வந்தார்.

முதல் ஆண்டு சிலர் முகம் சுளித்தார்கள். ஒருவர் "என்னப்பா, வசூல் குறைவா?" என்றே கேட்டார். ஆனால் அந்த வெயிலில் நடந்து வந்தவர்கள் முன்மேசைத் தண்ணீரைத்தான் முதலில் எடுத்தார்கள். சிராப் கேட்டவர்களுக்கு அதுவும் கிடைத்தது.

பந்தல் குழுவினர் சிலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். சிராப்பை நிறுத்தச் சொல்லவில்லை, மேசையை மாற்றிப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். முடிந்தால் பந்தலில் ஒரு நாற்காலி போட்டு, வயதானவர்களை உட்காரவைத்து உள்ளங்காலைப் பார்த்துச் சொல்லுங்கள். அம்மாவுக்குக் குனிய முடியாது. எங்கள் வீட்டில் தினமும் இரவு அது என் வேலை.

அடுத்த பூசத்துக்கு மாமா கணக்குப் போட்டுவிட்டார். தண்ணீர் மூன்று அண்டா, சிராப் ஒன்று.